வராத குழாய்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் அதைச் சொல்பவர் ஒரே ஆள் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்காரர் இதய அறுவை சிகிச்சை செய்பவர். நான் மயக்க மருந்து கொடுப்பவள். அவர் நெஞ்சைத் திறப்பார். திறந்த நெஞ்சுக்காரர் உயிரோடு இருக்கும்படி நான் பார்த்துக்கொள்வேன். இதில் எது பெரிய வேலை என்று கல்யாணமான நாள் முதல் எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அன்று காலை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது என் மனம் நன்றாக இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த வேன் டிரைவரைப் பார்த்ததும் கொஞ்சம் சரியானது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். முந்தைய நாள் அவர் இதயத்தில் பழுதான வால்வை மாற்றியிருந்தோம். மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை விடிந்ததுமே எடுத்தாகிவிட்டது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நர்ஸிடம் வம்பு செய்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, உங்க சிஸ்டர் ஒரு மூடி தண்ணிதான் தர்றாங்க. என் வண்டி ரேடியேட்டருக்கே இதவிட நெறைய ஊத்துவேன்."

"உங்க வண்டிக்கு நேத்து இன்ஜினப் பிரிச்சு மாட்டல. உங்களுக்கு மாட்டியிருக்கோம். கொஞ்சம் பொறுங்க."

அவர் சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று உடனே தெரிந்துகொண்டு, நெஞ்சில் வைத்திருந்த சின்னத் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் கழுத்தின் வலது பக்கத்திலிருந்து மஞ்சளாக ஒரு குழாய் வெளியே வந்திருந்தது. செல்போன் சார்ஜர் ஒயரைவிட மெல்லியது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய், இதயத்தின் வலது மேலறை, கீழறை இரண்டையும் கடந்து, நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அதன் முனை நிற்கும். இதயம் எப்படி உழைக்கிறது என்று உள்ளே இருந்தபடியே எங்களுக்குத் துப்புச் சொல்லும் ஒற்றன் அது. வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் கிருமி சேரும், ரத்தம் கட்டும். எடுப்பது பெரிய வித்தையல்ல. முனையிலிருக்கும் குட்டி பலூனில் காற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கச் சொல்லி உருவினால் வந்துவிடும். எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறேன்.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்க. ஒரு நிமிஷ வேலை."

பிடித்துக்கொண்டார். உருவினேன். கொஞ்ச தூரம் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

சிறிது விட்டு, மறுபடி மெல்ல இழுத்தேன். அப்போதுதான் அதை உணர்ந்தேன். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் குழாய் என் விரல்களிலிருந்து உள்ளே போகப் பார்த்தது. விட்டது. மறுபடி இழுத்தது. அந்த முனையை யாரோ பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல இருந்தது.

"மேடம், துடிப்பு தாறுமாறா ஓடுது," என்றார் சிஸ்டர்.

மானிட்டரில் பச்சைக்கோடு ஒழுங்கு தவறித் துள்ளிக்கொண்டிருந்தது. குழாயை விட்டேன். கோடு ஓரிரு முறை தடுமாறி, பிறகு தன் வரிசைக்கு வந்தது.

"என்னம்மா, வரலியா?" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அவசரமில்ல, அப்புறம் எடுத்துக்கலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "அதுவரைக்கும் கழுத்தைத் திருப்பக் கூடாது, எழுந்திரிக்கக் கூடாது. இன்னிக்கு காபியும் கிடையாது."

"தண்ணிதான் இல்லன்னீங்க. இப்ப காபிக்கும் தடையா?"

குழாயைக் கழுத்தோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். யாரும் இதைத் தொடக்கூடாது, வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கேள்வி கேட்கவில்லை. சாப்பிடக் கூடாது என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று அவருக்குத் தெரியும்.

வராத குழாய்க்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, உள்ளே முடிச்சு விழுந்திருக்கும். இல்லாவிட்டால், இதயச் சுவரைத் தைத்தபோது ஊசி குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும். முடிச்சென்றால் தப்பிக்க வழி உண்டு. தையலென்றால், நான் இன்னும் கொஞ்சம் வீரத்தைக் காட்டியிருந்தால் நூல் இதயச் சுவரைக் கிழித்திருக்கும். நெஞ்சுக்குள் ரத்தம் நிறைந்து இதயத்தை நெரிக்க ஒரு பாட்டு முடியும் நேரம் போதும். காபி கேட்டுக்கொண்டிருந்த மனிதர் பாதி வாக்கியத்திலேயே போயிருப்பார்.

ஆனால் நேற்று நான் சோதித்தேன். இதயத்தைத் தைத்து முடித்து, நெஞ்சை மூடுவதற்கு முன், குழாயைக் கொஞ்சம் இழுத்து மறுபடி உள்ளே விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். வழுக்கிக்கொண்டு போய் வந்தது. என் கை அதை மறக்கவில்லை. அப்படியானால் அதற்குப் பிறகு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரை வரச்சொல்லி சிஸ்டரை விட்டுப் போன் போட்டேன். நானே போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் நானும் அவரும் அந்த வாரம் பேச்சுவார்த்தையில் இல்லை.

எதற்குச் சண்டை என்று கேட்காதீர்கள். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும். வீட்டில் "சாவி?" என்பார் அவர். "ஆணியில," என்பேன் நான். காரில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் தியேட்டரில் எப்படி வேலை நடந்தது என்று கேட்டால், அதுதான் எங்கள் பெருமையே. மற்ற டாக்டர்கள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வார்கள்: குழாயைச் சோதித்தாச்சு, இன்னொரு தையல் போடுகிறேன், மறுபடி சோதியுங்கள். கூடவே வேலை செய்து செய்து எங்களுக்கு அந்தப் பேச்செல்லாம் ஒவ்வொன்றாய் உதிர்ந்துவிட்டது. எங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் பச்சைத் துணிக்கு மேலே அவர் ஒரு பார்வை பார்ப்பார். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான். "புருஷன் பொண்டாட்டி கண்ணாலயே பேசிக்கிறாங்க" என்று சின்ன டாக்டர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அவர் வந்து கட்டிலருகே நின்றார். "என்ன?"

"குழாய் வரல."

"வரலன்னா?"

"வரலன்னா வரல. துடிப்போட சேந்து உள்ள இழுக்குது."

அவர் டிரைவரைப் பார்த்து, நோயாளிகளுக்கென்றே வைத்திருக்கும் புன்னகையைச் சிந்தினார். "மேடம் ரொம்ப மெதுவா இழுக்கறவங்க. நான் பாக்கறேன்." சொல்லும்போதே பிளாஸ்திரியைக் கிளப்பி, இரண்டு விரலால் குழாயைப் பிடித்துவிட்டார்.

நான் அவர் விரல்களைப் பிடித்தேன்.

"தொடாதீங்க."

"விடு. சும்மா பாக்கறேன்."

"கையில பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எக்ஸ்ரேல பாருங்க."

அவர் விரல் குழாயில், என் விரல் அவர் விரலில். இரண்டு பேரில் யார் அசைந்தாலும் அது கட்டிலில் இருப்பவரின் இதயத்துக்குப் போய்ச் சேரும். அவர் முகம் சிவந்தது. எல்லார் முன்னாலும் அவர் கையை யாரும் இதுவரை தடுத்ததில்லை. டிரைவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அவர் பக்கமும் என் பக்கமும் ஓட்டினார்.

"சார், எங்க வீட்லயும் இப்படித்தான்," என்றார். "அவங்க சொன்னா கேட்டுடறது உடம்புக்கு நல்லது."

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் விரல்களைத் தளர்த்தினார்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு, நகரும் எக்ஸ்ரே படம் பார்க்கும் அறைக்குப் போனோம். வாசற்படியில் சக்கரம் ஒரு முறை தட்டியபோது எனக்கு மூச்சே நின்றது. கழுத்துப் பக்கம் குனிந்தபடியே நடந்தேன். டிரைவர் கூரை விளக்குகளை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் சாதாரணமில்லை என்று புரிந்திருக்க வேண்டும், ஜோக் நின்றுபோயிருந்தது.

திரையில் இதயம் சாம்பல் நிழலாக அசைந்தது. குழாய் அதற்குள் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. முடிச்சு இல்லை. மேலறையின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் கோடு முழங்கை மடங்குவதுபோல மடங்கியிருந்தது. இதயம் சுருங்கும்போதெல்லாம் அந்த மடிப்பு சுவரோடு ஒட்டியே போய் வந்தது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அழைத்தார்.

"அங்கதான்," என்றார்.

"எங்க?"

"பம்ப் குழாய எடுத்த எடம். கடைசில கொஞ்சம் கசிஞ்சுது. ஒரு தையல் போட்டேன்."

"எப்ப?"

"நீ சோதிச்சதுக்கு அப்புறம்."

"எங்கிட்ட சொன்னீங்களா?"

"உன்னைப் பாத்தேன். நீ தலையாட்டின."

"நானா? நான் உங்க பக்கம் திரும்பவே இல்லையே."

"தலையாட்டினத நான் பாத்தேன்."

சட்டென்று எனக்கு நினைவு வந்தது. அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் பம்ப் இயந்திரத்தை இயக்குகிறவர் அந்த நேரத்தில், மெஷினில் மிச்சமிருக்கும் ரத்தத்தைத் திருப்பி ஏற்றலாமா என்று கேட்டார். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவருக்குத்தான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று நேற்று முழுக்க வைராக்கியமாக மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கோ போன தலையாட்டலை அவர் எடுத்துக்கொண்டு ஊசியைக் குத்திவிட்டார். பேசிக்கொள்ளும் டாக்டர்களுக்கு இந்தத் தவறு நடந்திருக்காது. அறிமுகமில்லாத இரண்டு பேருக்குக்கூட நடந்திருக்காது. எங்களுக்குத்தான் நடக்கும்.

"அது பம்ப்காரருக்கு," என்றேன்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாமா?" என்றார். "லேசா இழுத்த மாதிரி ஒட்டி வச்சா, நழுவி வர சான்ஸ் இருக்கு."

"அது கரையற நூல் இல்ல. அவரு பேரன் பேத்தி எடுத்தாலும் அப்படியே இருக்கும்."

"நேத்துதான் நெஞ்சத் தொறந்தோம். இன்னிக்கே மறுபடி தொறந்தா தாங்க வேண்டாமா? பதறாத காரியம் சிதறாது."

"தும்பை விட்டாச்சு. வாலையாவது ஒழுங்கா பிடிப்போம். தொறந்தா தாங்குவாரு. இருமும்போது கிழிஞ்சா தாங்க மாட்டாரு."

அவர் கைகளைப் பார்த்தேன். ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அவர் பயப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் மேல் அந்த வாரம் முழுக்க இல்லாத இரக்கம் வந்தது. அந்த நேரத்தில் அது எதற்கும் உதவாது என்றும் தெரிந்தது.

"சரி," என்றார். "தொறக்கலாம். அந்தம்மாகிட்ட நான் சொல்றேன்."

டிரைவரின் மனைவி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் கடையின் பெயர் அட்டை இன்னும் குத்தியிருந்தது. உறவினர்களோடு பேச எங்களுக்கு ஒரு சின்ன அறை உண்டு. நாலு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சுவரில் இதயத்தின் படம். அந்த அறைக்குக் கூப்பிட்டாலே மனிதர்களுக்கு முகம் வெளுத்துவிடும். அவருக்கும் வெளுத்தது. ஆனால் உட்காரவில்லை.

"ஒரு சின்ன சிக்கல்மா," என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். "இந்த மாதிரி ஆபரேஷன்ல அபூர்வமா சில சமயம்..."

"அவரு இருக்காருல்ல?"

"இருக்காரு. நல்லா இருக்காரு."

"அப்ப சுத்தி வளைக்காம சொல்லுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு நான் துணைக்கு வரமாட்டேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவரும் அதற்காகப் பார்க்கவில்லை என்று அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"கழுத்து வழியா ஒரு குழாய் இதயத்துக்குள்ள இருக்கு. நான் போட்ட ஒரு தையல்ல அது மாட்டிக்கிச்சு. இழுத்தா இதயம் கிழியும். மறுபடி தொறந்து அந்தத் தையலப் பிரிக்கணும். என் தப்பு."

"எங்க தப்பு," என்றேன். "அவர் கடைசித் தையல் போட்டதும் நான் குழாய இன்னொரு தடவ சோதிச்சிருக்கணும். போட்டது எனக்குத் தெரியல. நாங்க ரெண்டு பேரும் நேத்து பேசிக்கல."

"பேசிக்கலன்னா?"

"சண்டை. வீட்டு விஷயம்."

அந்தம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் கேட்டுக்கொள்வது என்று தயாராகவும் இருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதே கைதான் திரும்பப் பிரிக்கப் போகுதா?"

"வேற சர்ஜன் வேணும்னா கூப்பிடறேன்," என்றார் என் வீட்டுக்காரர். "நல்லவர் ஒருத்தர் இருக்காரு. சாயங்காலம் வந்துடுவாரு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவரு பொண்டாட்டியா சொல்லாதீங்க. உங்க கூடப் பொறந்தவன் அங்க படுத்திருந்தா, யாரை விடுவீங்க?"

எனக்கு ஒரு தம்பி உண்டு. அது அவருக்குத் தெரியாது. அவனை அந்தக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தேன். சற்று முன் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கைகளையும் நினைத்தேன். புருஷனுக்கு வக்காலத்து வாங்குகிறேனா என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொண்டேன்.

"இவரத்தான் விடுவேன்," என்றேன். "அந்தத் தையல் எங்க இருக்கு, எப்படிப் போட்டதுன்னு இவருக்குத்தான் தெரியும். வேற யாரு வந்தாலும் தேடணும். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கறதும் எனக்குப் பயமா இருக்கு. மயக்க மருந்து குடுக்க வேற டாக்டர் வேணும்னா சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கறேன்."

தண்ணீர் கேனுக்குள் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"ரெண்டு பேருமே செய்யுங்க," என்றார். "ஆனா பேசிக்கிட்டே செய்யுங்க. வாய் வலிச்சாலும் நிறுத்தாதீங்க."

டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "வண்டியக் குடுத்து அனுப்பிட்டு, ஸ்பேனர உள்ளயே விட்டுட்டேன் திரும்பக் கொண்டான்னு சொல்ற மெக்கானிக் மாதிரில்ல இருக்கு," என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. பிறகு என் கையைப் பிடித்தார். "அம்மா, நேத்து தைரியமா வந்துட்டேன். இன்னிக்கு பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். எந்த நோயாளியிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. கையை மட்டும் விடவில்லை. மருந்து ஏறி விரல்கள் தளரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

தியேட்டரில் அன்று சந்தைக் கடைதான். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். பம்ப்காரர் மெஷின் தயார் என்று இரண்டு முறை சொன்னார். கருவிகள் எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு, அவரும் சொல்ல ஆரம்பித்தார். நெஞ்செலும்பைக் கட்டியிருந்த கம்பிகளை வெட்டும் சத்தம் கேட்டது.

"தொறந்தாச்சு. தையல் தெரியுது. நீல நூல்."

"தையல் தெரியுது, சரி. பிரஷர் நல்லாருக்கு."

"சுத்திவர வேற நூல் ஓட்டறேன். பழசை வெட்டினதும் ஓட்டைய இழுத்து மூடறதுக்கு."

"சரி. ரத்தம் தயாரா தொங்குது."

"ஓட்டியாச்சு. பழைய நூல வெட்டப் போறேன். வெட்டினதும் ரத்தம் வரும். நான் சொன்னப்புறம் இழு."

"நீங்க சொன்னப்புறம் இழுப்பேன்."

"வெட்டிட்டேன். இழு."

இழுத்தேன். வரவில்லை. அதே பிடி. அதே அடம்.

"வரல!"

"நல்லா இழு."

"இல்ல. பிடிச்சிருக்கு. நான் விட்டுட்டேன்."

துணிக்கு அந்தப் பக்கம் உறிஞ்சு குழாயின் சத்தம் கூடியது. ரத்தம் பொங்குகிறது என்று பார்க்காமலே தெரிந்தது. மானிட்டரில் பிரஷர் எண்கள் இறங்க ஆரம்பித்தன.

"எண்பது," என்றேன். "எழுபத்தஞ்சு."

"ரத்தத்துல ஒண்ணும் தெரியல. உறிஞ்சுங்க, இன்னும் கிட்ட வாங்க."

"எழுபது. ரத்தம் ஏத்தறேன்."

"நூலு குழாயையே குத்திக்கிட்டுப் போயிருக்கு," என்றார். குரல் உடைந்து, பிறகு நேரானது. "நூலோட ஒரு பக்கக் கால்தான் வெட்டியிருக்கேன். மறுகால் உள்ள இருக்கு. இழுக்காத. எந்தக் காரணத்துக்காகவும் இழுக்காத."

"இழுக்கல. கைய எடுத்துட்டேன். அறுபது."

"சொல்லிக்கிட்டே இரு."

"அம்பத்தெட்டு. அம்பத்தஞ்சு. துடிப்பு குறையுது." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஏங்க, அம்பது."

பச்சைத் துணிக்கு மேலே அவர் கண்கள் வந்தன. பழைய பார்வை. எத்தனையோ முறை நான் தலையாட்டி அனுப்பிய பார்வை. இந்த முறை நான் நேராகப் பார்த்தேன். தலை தானாக அசையப் போனதை நிறுத்தினேன்.

"கண்ணுல சொல்லாதீங்க," என்று கத்தினேன். "வாயில சொல்லுங்க!"

"ரெண்டாவது கால் தெரியுது. வெட்டறேன்." கத்தரி ஒலித்தது. "வெட்டிட்டேன். மெதுவா இழு."

இழுத்தேன். மனசில்லாமல் வருவதுபோல ஒரு கணம் தயங்கி, பிறகு சட்டென்று வழுக்கிக்கொண்டு முழு நீளமும் என் கைக்கு வந்துவிட்டது. முனை இருக்கிறதா, பலூன் இருக்கிறதா, ஒரு துண்டாவது உள்ளே தங்கிவிட்டதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் ஊசி போன ஓட்டை மட்டும் இருந்தது.

"வந்துடுச்சு. முழுசா வந்துடுச்சு."

"நூல இறுக்கறேன். இறுக்கிட்டேன். ரத்தம் நின்னுடுச்சு."

"அம்பத்தஞ்சு. அறுபத்தஞ்சு. ஏறுது. எண்பது."

பம்ப்காரர் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. அதையும்கூட அவர் வாய்விட்டுத்தான் விட்டார்.

நெஞ்சை மூடி டிரைவரைக் கட்டிலுக்கு அனுப்பிய பிறகு, உடை மாற்றும் அறை வாசலில் இருந்த பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லலாம். சறுக்கியது எங்கள் அடி, விழுந்தது இன்னொருவர் நெஞ்சில். அந்தப் பழமொழியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எழுந்திரிங்க," என்றேன். "அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் போய்ச் சொன்னார். அந்தம்மா அங்கிருந்த நாற்காலியில் அப்போதுதான் முதன்முதலாக உட்கார்ந்தார் என்று என் வீட்டுக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் டிரைவர் கண் விழித்தார். கை காலை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். என்னை அடையாளம் தெரிகிறதா என்றதற்குத் தலையாட்டினார். அவர் மனைவியை உள்ளே விட்டுவிட்டு, நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தம்மா வெளியே வந்தார். அழுது துடைத்த முகம்.

"டாக்டரம்மா, உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். சொல்ல வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்ல வேண்டாம்மா. நாங்க அதுக்கு உரியவங்க இல்ல."

அவர் போகத் திரும்பினார். பிறகு நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நேத்து உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன சண்டை?"

குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன். முடியவில்லை. உலகத்தில் அதைக் கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான்.

"சோபா," என்றேன். "ஹால்ல போட. என்னைக் கேக்காம பச்சை கலர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் புரியாதவரைப்போலப் பார்த்தார்.

"சோபாவா?" என்றார்.

அதற்குமேல் எதுவும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, புருஷனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் வெளியே நின்றிருந்தேன். அந்தச் சோபாவைப் பற்றி ஒரு வாரமாக நான் சேர்த்து வைத்திருந்த நியாயங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றுகூட இப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.